பைலட் நிற்கிறார், விமானம் ஏன் புறப்படவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

விமானப் பயணம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி உங்களிடம் கேட்டிருந்தோம். டிக்கெட் விலை, லக்கேஜ் பற்றித்தான் வரும் என்று நினைத்தேன். பாதிக் கடிதங்கள் தூக்கத்தைப் பற்றி வந்திருக்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் க்ரூ ஷெட்யூலிங் பிரிவில் 24 வருடம் இருந்தேன். எந்த பைலட் எந்த விமானத்தில் போகிறார், யார் ஸ்டாண்ட்பை (அவசரத்துக்கு வரத் தயாராக இருப்பவர்), யாருக்கு எத்தனை மணி வரை ஓய்வு என்று பார்த்து ஆள் போடுகிற மேசை அது. ஓய்வு பெற்று மதுரைக்கே திரும்பிவிட்டேன். இந்த முறை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே பதில்.

*என் மகள் கேபின் க்ரூவாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் நாலு நாள் லீவில் வந்தவள், பாதி நேரம் தூங்கிக்கொண்டே இருந்தாள். பகல் பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடப்பதைப் பார்த்து என் நாத்தனார் ஒரு மாதிரி பேசிவிட்டுப் போனார். அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா?*
– ஒரு தாய், திருமங்கலம்

உங்கள் மகள் வாங்கிய கடனை அடைத்துக்கொண்டிருக்கிறாள் அம்மா. தூக்கக் கடன்.

அவளுடைய ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் சென்னையில் இரவு 11.40க்கு இறங்குகிறது. பயணிகள் இறங்கி, கேபினைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு டூட்டி முடியும்போது மணி 12.15. அடுத்த டூட்டிக்கு மறுநாள் மதியம் 12.30க்கு ரிப்போர்ட் பண்ண வேண்டும். காகிதத்தில் பன்னிரண்டே கால் மணி நேர ஓய்வு. கேட்கிறவர்களுக்கு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

வண்டி பிடித்து பல்லாவரம் அறைக்குப் போகும்போது மணி ஒன்று. கொண்டையில் குத்திய பின்களை ஒவ்வொன்றாக எடுத்து, முகம் கழுவி, ஏதோ சாப்பிட்டுப் படுத்தால் மணி ஒன்றே முக்கால். படுத்த உடனே தூக்கம் வராது. நாள் முழுக்க நின்று, சிரித்து, பதில் சொல்லிய உடம்பு அடங்குவதற்கே நேரமாகும். சரி, இரண்டேகாலுக்குத் தூங்கினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்கு வெளிச்சம், பக்கத்து வீட்டு மிக்ஸி, காய்கறி வண்டி. எட்டு மணி வரை புரண்டால் அதிகம். ஒன்பதரைக்கு எழுந்து தயாராக ஆரம்பித்தால்தான் பதினொரு மணி வண்டிக்குச் சரியாக இருக்கும். தலை வாரி, கொண்டை போட்டு, மேக்கப் முடிக்கவே ஒரு மணி நேரம். பன்னிரண்டேகால் மணி நேரம் என்று எழுதிய இடத்தில் அவள் கண்ணுக்குக் கிடைத்தது ஐந்து மணி நேரம், நல்ல நாளில் ஐந்தரை. அடுத்த வாரம் விடிகாலை நாலு மணி ரிப்போர்ட்டிங் என்றால் எல்லாம் தலைகீழ்.

இன்னொன்றும் இருக்கிறது. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. பல விமானங்களில் அது கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கலாம். கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. கொடைக்கானலுக்கும் மேலே ஒரு இடத்தில், வறண்ட காற்றில், கனமான டிராலியை மேடேற்றித் தள்ளிக்கொண்டு தினமும் பல மணி நேரம் நடக்கிற வேலை அது. உட்கார்ந்து வருகிற நமக்கே இறங்கியதும் உடம்பு சோர்கிறது அல்லவா?

எங்கள் அப்பா ரயில்வேயில் எஞ்சின் டிரைவர். மதுரை ரயில்வே காலனி குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் ஐந்து பேரும் வளர்ந்தோம். நள்ளிரவு இரண்டு மணிக்கு, டூட்டிக்குக் கூப்பிட வரும் ‘கால் பாய்’ சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார். அப்பா எழுந்து அவர் நீட்டும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார். செங்கோட்டை போய், அங்கே ரன்னிங் ரூமில் படுத்து, மறுநாள் வண்டியோடு திரும்புவார். அவர் வந்து படுத்தால் அம்மா ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுவார். வெளிச்சமும் வராது, வெயிலும் தெரியாது. வாசலில் தாயக்கட்டை உருட்டக்கூட எங்களுக்கு அனுமதி கிடையாது. மீன்காரம்மா கூட எங்கள் வீட்டைத் தாண்டித்தான் குரல் கொடுப்பார். பகலில் அப்பா தூங்குவதை எங்கள் காலனியில் யாரும் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை. தெருவே அந்த வேலை தெரிந்த தெரு.

உங்கள் நாத்தனாருக்கு அந்த வேலை தெரியாது, அவ்வளவுதான். மகள் அடுத்த முறை வரும்போது ஜன்னலுக்குக் கெட்டியான கருநிறத் துணி போடுங்கள். சாப்பிட எழுப்பாதீர்கள். தூங்கி எழுந்த பிறகும் மூச்சு வாங்குவது, மயக்கம், மாதவிடாய் தப்புவது, நாள் கணக்கில் தூக்கமே வராமல் இருப்பது என்று ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

*அழகர்கோயிலில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. காலை ஆறரை மணிக்கு முகூர்த்தம். தாய்மாமன் நான், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். சென்னையில் இரவு 8.40 விமானம். தாமதம், தாமதம் என்று சொல்லி 11 மணிக்கு மேல் ‘ரத்து’ என்றார்கள். காரணம் கேட்டால் ‘பைலட் டூட்டி நேரம் முடிந்துவிட்டது’ என்றார்கள். அந்த பைலட் என் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தார்! ஒன்றேகால் மணி நேரப் பயணம். அதை ஓட்டிவிட்டுப் போய்ப் படுத்தால் என்ன? கடைசியில் என் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். இன்னும் ஆறவில்லை.*
– ஒரு வாசகர், மதுரை கே.கே. நகர்

உங்கள் ஆற்றாமை எனக்குப் புரிகிறது தம்பி. தாய்மாமன் சீர்த்தட்டோடு ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த பைலட் எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருடைய கடிகாரம் உங்கள் விமானம் கிளம்பும்போது ஓட ஆரம்பிக்கவில்லை. காலையில் ரிப்போர்ட் பண்ணிய நிமிடத்தில் ஆரம்பித்துவிட்டது. கடைசி விமானம் நின்று எஞ்சின் அணையும் வரை அது ஓடும். எங்கள் பாஷையில் எஃப்.டி.பி. என்போம். நடுவில் நாலு மணி நேரம் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது நிற்காது. எத்தனை முறை இறங்குகிறாரோ அந்த அளவுக்கு அனுமதித்த நேரமும் குறைந்துகொண்டே வரும். ஏனென்றால் ஏறுவதும் இறங்குவதும்தான் அவரைப் பிழிந்து எடுக்கிற வேலை.

உங்கள் விமானத்தில் இன்னொரு சிக்கலும் இருந்திருக்கும். 11.15க்குக் கிளம்பியிருந்தால் மதுரையில் இறங்கும்போது பன்னிரண்டரை. நள்ளிரவு 12 மணியைத் தொட்டால் புது விதியில் அது இரவு டூட்டி ஆகிவிடும். இரவு டூட்டி என்றால் மொத்தம் 10 மணி நேரம்தான். பகல் கணக்கில் மிச்சம் இருந்த நேரம், பன்னிரண்டைத் தாண்டும் அந்த அரை மணி நேரத்தால் மொத்தமாகக் காணாமல் போகும். மேசையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுத் தலையில் கை வைத்த இரவுகள் எனக்கு எத்தனையோ.

எதிர்பாராத சூழ்நிலையில் கேப்டன் தன் பொறுப்பில் கொஞ்ச நேரம் நீட்டிக்கலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. ஆனால் ‘என்னால் முடியும்’ என்று அவர்தான் சொல்ல வேண்டும், கவுன்டரில் நிற்கும் நாம் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் முடியாது என்று சொல்லியிருந்தால் அவரை நான் மதிக்கிறேன்.

உங்கள் கோபம் போக வேண்டிய இடம் வேறு. ஒரு விமானம் தாமதமானால் மாற்று க்ரூவை ஸ்டாண்ட்பையில் வைத்திருக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. ஆள் குறைவாக வைத்துக்கொண்டு, நூல் பிடித்தது போல ரோஸ்டர் (டூட்டிப் பட்டியல்) போட்டால் ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் எல்லாம் சரியும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க இடம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இதையெல்லாம் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

*புதிய ஓய்வு விதிகள் என்னென்ன? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 2025 டிசம்பரில் விமானங்கள் ரத்தான குழப்பத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?*
– ஒரு மாணவி, மேலூர்

விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2024 ஜனவரியில் பைலட்டுகளுக்கான விதிகளைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் ஆனது. ஒரு வார ஓய்வு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் 168 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இரவு என்பது முன்பு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை. இப்போது 6 வரை. அந்த நேரத்தில் 6 முறை இறங்கலாம் என்றிருந்ததை 2 ஆகக் குறைத்தார்கள். இரவு டூட்டியில் பறக்கும் நேரம் 8 மணிக்குள், மொத்த எஃப்.டி.பி. 10 மணிக்குள். க்ரூவின் களைப்பு பற்றி நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும்.

2024 ஜூன் 1 முதல் என்றார்கள். நிறுவனங்கள் எதிர்த்ததால் தள்ளிப்போனது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவில் பைலட் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். அன்றைக்கே அந்த நிறுவனத்துக்கு இரவு விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தார்கள். வார ஓய்வுக்குப் பதிலாக லீவைக் கணக்கில் காட்டக் கூடாது என்றிருந்த வரியையும் வாபஸ் வாங்கினார்கள்.

தேர்வுக்கு இவ்வளவு போதும். என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். விதி அறிவித்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத்தான் முழுசாக நடைமுறைக்கு வந்தது. ஆள் எடுக்கவும் பயிற்சி கொடுக்கவும் அது போதுமான காலம். பயணிகள் தவித்தது உண்மை, எனக்கும் வேதனைதான். ஆனால் அதற்கு ‘பைலட் அதிகமாகத் தூங்குகிறார்’ என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. அந்த 36 மணி நேரத்தை ரோஸ்டரில் நீலக் கோடாகப் போட்டவன் நான். வெள்ளி இரவு இறங்கியவர் ஞாயிறு காலை மறுபடி சீருடையில் நிற்பார். நடுவில் ஒரு சனிக்கிழமை. அதில் மின்சாரக் கட்டணம், பிள்ளையின் பள்ளிக்கூடம், ஊரிலிருந்து வந்த அப்பாவின் கண் டாக்டர்.

*பைலட்டுகள் பறக்கும்போது தூங்குவார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.*
– ஒரு வாசகர், சிவகங்கை

தூங்குவார்கள். நீண்ட தூர விமானங்களில் கூடுதல் பைலட் இருப்பார், படுக்கத் தனி அறை இருக்கும், முறை வைத்துத் தூங்குவார்கள். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பா, கனடாவில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒருவர் விழித்திருக்க மற்றவர் இருக்கையிலேயே கொஞ்ச நேரம் கண்ணயர அனுமதி உண்டு. அமெரிக்காவில் கிடையாது. அமெரிக்காவின் நாசாவே இதைப் பரிசோதித்தது. 40 நிமிடம் வாய்ப்புக் கொடுத்ததில் பைலட்டுகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள், அதன் பிறகு அவர்களின் கவனம் தெளிவாகக் கூடியது.

ஆபத்து, தன்னை அறியாமல் தூங்குவதில்தான். 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் 153 பயணிகளோடு பறந்த ஒரு விமானத்தில் இரண்டு பைலட்டுகளும் ஒரே நேரத்தில் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். கேப்டன் சொல்லிவிட்டுத்தான் தூங்கினார். விழித்திருக்க வேண்டிய துணை பைலட்டுக்கு வீட்டில் ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள். விமானம் பத்திரமாக இறங்கியது.

மங்களூரில் அப்படி முடியவில்லை. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம், இறங்கும்போது காலை ஆறு மணியை ஒட்டி. மொத்தம் 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். கறுப்புப் பெட்டியில் கேப்டனின் குறட்டை பதிவாகியிருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருக்கிறார். எழுந்தவருக்குத் தூக்கக் கலக்கம் தெளியவில்லை. விமானம் இருக்க வேண்டிய உயரத்தை விட மிக மேலே இருந்தது. மறுபடி மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை பைலட் மூன்று முறை சொன்னார். அந்த விபத்து பற்றி வந்த விசாரணை அறிக்கையை நான் அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். அதற்கும் சில வருடங்களுக்கு முன்னால் நான் செய்த ஒரு காரியம் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு, ஒரு இளைஞர், துணை பைலட், போன் பண்ணினார். “அண்ணா, நாலாவது இரவு இது. கண் எரியுது. நான் இன்னைக்கு ஃபிட் இல்லை.” என்னிடம் வேறு ஆள் இல்லை. “தம்பி, ரெண்டே செக்டர், ரெண்டே ஃப்ளைட்தான். காபி குடிச்சிட்டு வந்துருப்பா,” என்றேன். வந்தார். எதுவும் நடக்கவில்லை. அன்று அவர் வரவில்லை என்றாலும் பதிவேட்டில் ‘உடல்நலம் சரியில்லை’ என்றுதான் எழுதியிருப்பேன். களைப்பு என்று எழுத எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. எங்கள் மேலதிகாரிக்கும் அப்படி ஒரு கட்டம் வேண்டாம். மங்களூருக்குப் பிறகு அந்தத் தம்பியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்த இரவு நினைவிலேயே இல்லை. எனக்கு இருக்கிறது.

*நான் மதுரை – சென்னை ஆம்னி பஸ் ஓட்டுகிறேன். விமானத்தில் போகிறவர்களின் உயிர்தான் உயிரா? எங்களுக்கு யார் மணி பார்க்கிறார்கள்? காபி, டீ, வெற்றிலை எல்லாம் போட்டும் விழுப்புரம் தாண்டினால் கண் இழுக்கிறது.*
– ஒரு டிரைவர், உசிலம்பட்டி

உங்கள் கடிதத்தைத்தான் அண்ணே இரண்டு முறை படித்தேன்.

உங்களுக்கும் மணி பார்க்கச் சட்டம் வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 1961ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வைத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு என்றது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலைக்குள் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு. வாரம் ஒரு நாள் லீவு. பைலட் விதியில் எழுதியிருப்பதில் பாதி அதிலேயே இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. வித்தியாசம் எங்கே என்றால், பைலட்டின் ஒவ்வொரு நிமிடமும் கணினியில் பதிவாகிறது. மணி தாண்டினால் விமானம் நிற்கிறது. ஐரோப்பாவில் லாரி, பஸ்ஸில் கூட ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் கருவி கட்டாயம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். நம் ஊரில் எல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தது.

விழுப்புரம் தாண்டியதும் கண் இழுப்பதற்குக் காரணம் நீங்கள் இல்லை. இரவு ஒன்பதரைக்கு மதுரையில் எடுத்தால் அங்கே வரும்போது மூன்று மணி ஆகியிருக்கும். இரண்டிலிருந்து ஆறு மணி வரை மனித உடம்பு தூங்கியே தீர வேண்டும் என்று கேட்கிற நேரம். உடம்புச் சூடே அப்போது குறைந்துவிடும். கேப்டனுக்கும் அதேதான், எங்கள் அப்பாவுக்கும் அதேதான். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்களுக்குச் சமமாக இருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பே 0.03தான். காலை எட்டு மணிக்கு எழுந்து பகல் முழுக்க வீட்டு வேலை பார்த்துவிட்டு வண்டி எடுத்தீர்கள் என்றால், இரவு ஒரு மணிக்கே அந்த அளவைத் தொட்டுவிட்டீர்கள். ஊதச் சொல்லிப் பார்க்கும் போலீஸ்காரருக்கு அது தெரியாது.

காபி குடித்தால் அரை மணி நேரத்தில் கொஞ்சம் தெளியும், ஆனால் கடன் அப்படியே இருக்கும். அதிகாலை நாலு மணிக்கு மேல் குடித்தால் சென்னையில் போய்ப் படுக்கும்போது அந்தத் தூக்கத்தையும் கெடுக்கும். வெற்றிலை, புகையிலை, பாட்டுச் சத்தம், ஜன்னல் காற்று எதுவும் நிற்காது. கண் இழுத்தால் டீக்கடை வெளிச்சத்தில் ஓரங்கட்டி, இருபது நிமிடம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். எழுந்து பத்து நிமிடம் நடந்துவிட்டு எடுங்கள், உடனே எடுக்காதீர்கள். பயணிகள் கத்தினால் கத்தட்டும். கிளம்புகிற அன்று மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை வீட்டில் இருட்டான அறையில் படுங்கள். அண்ணியிடம் சொல்லுங்கள், ஜன்னலுக்கு நனைத்த சாக்குப் போதும். நம் ஊர் வெயிலுக்கு அது குளிர்ச்சியும் தரும்.

இன்னொரு உதவி வேண்டும். நீங்களும் உங்களோடு ஓட்டுகிறவர்களும், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு விட்டீர்கள், இரண்டாவது டிரைவர் இருந்தாரா, எங்கே படுத்தீர்கள் என்று பதினைந்து நாளுக்குத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். க்ரூவுக்குப் போட்ட மாதிரியே உங்களுக்கும் நான் உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன், அடுத்த இதழில் அதை அப்படியே வெளியிடுவோம்.